சாம்பிராணி மரியாதை

மலேரியா ஒழிப்பில் கொசு பிடிக்கும் உத்தியோகத்தில் நான் சேர்ந்த புதிது. கலேவெலப் பக்கம் ஒரு பிள்ளைக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். அந்த வீட்டில் மலேரியாக் கொசு ஒன்றாவது பிடிபட்டால்தான் ஊருக்கு மருந்தடிக்க ஆட்கள் வருவார்கள். நாகரிகமாக முன்கூட்டியே சொல்லியனுப்பிவிட்டு, காலையில் கண்ணாடிக் குழாயும் டோர்ச்சுமாகப் போய்ச் சுவர் சுவராகத் தேடினேன். ஒன்றுகூட இல்லை.

"எப்படித் தம்பி இருக்கும்? நீங்க வாறீங்கன்னுதானே மூலைமூலையாச் சாம்பிராணி போட்டேன். வந்த மனுசரக் கடிக்க விடலாமா?" என்றார் பிள்ளையின் உம்மா, பெருமையாக.

நான் படித்த புத்தகங்களில் இந்த மரியாதைக்கு மருந்து இல்லை. "நாளைக்கும் வாறேன் ராத்தா. கடிச்சாக் கடிக்கட்டும், புகை மட்டும் வேணாம்" என்று கெஞ்சினேன்.

மறுநாள் மூன்று பிடிபட்டன. அடுத்த கிழமை மருந்தடிக்க ஆட்கள் வந்தார்கள். அவர்களையும் சாம்பிராணி போட்டுத்தான் வரவேற்றார்.