பெரியப்பாவைத் திருப்பித் தாருங்கள், ஐயா

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவன் நான்தான். ஆறாம் வகுப்பில் எழுதினேன். யாருக்கு எழுதினேன் என்பது மட்டும் இன்றுவரை தெரியாது.

அம்மாவின் தம்பி, என் மாமா, பொம்மிடியில் ஸ்டேஷனுக்குப் போகும் ரோட்டில் பேனர் கடை வைத்திருந்தார். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என எல்லாவற்றுக்கும் முகங்களை வெட்டி ஒட்டுவது அவர்தான். சனிக்கிழமையானால் நான் கடையில் இருப்பேன். மாமா டிசைன் சாப்ட்வேரைத் திறக்கும்போதெல்லாம் 'இது அசல் அல்ல' என்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். ஈ ஓட்டுவதுபோல அதை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

அந்த வருடம் நான் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் கேம் கேட்டு அவரை நச்சரித்துக்கொண்டிருந்தேன். என் பெரியப்பா லாரி டிரைவர். ஊருக்கு வந்தால் என்னை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வரை ஒரு ரவுண்டு போவார். தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்து அவர் இறந்த பிறகு எனக்கு ஏறுவதற்கு லாரி இல்லை. காசு கொடுத்து வாங்க வேண்டிய கேமை மாமா எங்கெங்கோ தேடி, ஓசியில் இறக்கினார். இறக்குவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்தினார். எதற்கு என்று கேட்டேன்.

"வூட்டுக்கு ஆளு வந்தா நாயைக் கட்டிப் போடறமா இல்லையா? அது மாதிரிதான்டா."

எனக்கு அது சரியாகவே பட்டது. எங்கள் வீட்டு நாயும் சொந்தக்காரர்களைத்தான் அதிகம் கடித்திருக்கிறது.

அடுத்த வாரமே தர்மபுரிப் பக்கம் ஒரு பேச்சு கிளம்பியது. கம்பெனி ஆட்கள் கடை கடையாக ஏறித் திருட்டு சாப்ட்வேரைப் பிடிக்கிறார்களாம், கேஸ் போடுகிறார்களாம். மாமா சி.பி.யூ.வை உரச்சாக்கில் கட்டி மொபெட்டில் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மாட்டுக்காக அடுக்கியிருந்த சோளத்தட்டுப் போர்மேல் மழைக்காகப் போர்த்தியிருந்த பழைய பேனரைத் தூக்கி, தட்டுக்கு நடுவே அவர் அதைச் செருகிக்கொண்டிருந்தபோது அப்பா வந்தார்.

"யாருது மாப்ள அது?"

"என்னுதுதான் மாமா."

"உன்னுதுன்னா எதுக்கு ஒளிக்கிற?"

"பெட்டி என்னுது. உள்ள இருக்கறது என்னுதில்ல."

"அப்பக் கொண்டுபோய்க் குடுத்துட வேண்டியதுதான?"

"அதெப்படி மாமா? அவங்ககிட்டயும் அது அப்படியேதான் இருக்குது."

"காணாமயே போவாத பொருளை எப்படிடா திருடுன?" என்றார் அப்பா.

எனக்கு விளங்கவில்லை. மாமா, மாட்டுக்குத் தட்டு உருவும்போது பார்த்து உருவச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பேச்சு அடங்கியதும் பெட்டியைத் திரும்பக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். தட்டுத் தூசியைத் துடைத்து ஆன் செய்தால் திரை முழுக்கச் சிவப்பு. ஒரு படமும் திறக்கவில்லை. ஒவ்வொரு படத்தின் பெயருக்குப் பின்னாலும் யாரோ புரியாத எழுத்துகளில் ஒரு வாலை ஒட்டியிருந்தார்கள். மாமா பத்தாவதோடு நின்றவர். "நீதான் இங்கிலீஷ் மீடியமாச்சே, படி" என்றார். நான் பள்ளிக்கூடப் பிரேயரில் வாசிப்பதுபோல நிமிர்ந்து நின்று வாசித்தேன். உங்கள் படங்களையெல்லாம் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் சாவி தருவோம், இல்லையென்றால் அழிந்துவிடும். கீழே ஒரு மெயில் விலாசம்.

"தட்டுப் போருக்குள்ள வெச்சும் கண்டுபுடிச்சிட்டானுங்களே" என்று மாமா நாற்காலியில் சரிந்தார். கம்பெனியின் வேலைதான் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை.

பெரியம்மாவும் அந்த நேரம் பார்த்துத்தான் வந்தார். பெரியப்பாவின் முதல் வருடத் திதிக்கு ஃப்ரேம் போட வேண்டும். பெரியப்பாவின் போன் லாரியோடு நொறுங்கிவிட்டதால், அவருடைய நல்ல படம் இருந்த ஒரே இடம் அந்தக் கம்ப்யூட்டர். ஆதார் அட்டையில் இருக்கும் முகத்தை அவர் என்று பெரியம்மாவே ஒப்புக்கொள்வதில்லை.

"நீ கம்ப்யூட்டர்ல வெள்ளச் சட்டை மாட்டிவுட்டியே தம்பி, அந்தப் படத்தைப் பெருசாப் போட்டுக் குடு."

மாமா தலையைக் குனிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். பெரியம்மா அழுவார் என்று நினைத்தேன். அவர் நிதானமாக, "நாம எடுத்தோம், அவங்க பூட்டிட்டாங்க. நாயந்தான? மன்னிப்பு கேட்டா வுட்டுருவாங்க. ஏஞ்சாமி, நீ எழுது" என்றார்.

எனக்குப் பள்ளியில் சொல்லித்தந்திருந்தது லீவ் லெட்டர் மட்டும்தான். அதே அச்சில் எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா, என் மாமாவுக்கு உடல்நிலை சரியில்லாத காரணத்தால் உங்கள் சாப்ட்வேரை எடுத்துவிட்டார். உங்களுடையதைத் திருப்பித் தந்துவிடுகிறோம். எங்கள் பெரியப்பாவைத் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்த மாணவன். மாமா அதை அப்படியே போனில் அடித்து அனுப்பினார்.

மறுநாள் பதில் வந்தது. முதலில் பணம், அவ்வளவுதான்.

பெரியம்மா சினைமாட்டை விற்கத் துணிந்துவிட்டார். "மாடு இன்னொன்னு வாங்கிக்கலாம்" என்றார். அதைக் கேட்ட அப்பா தர்மபுரியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரைக் கூட்டி வந்தார். அவர் திரையைப் பார்த்ததுமே கையை விரித்தார்.

"இவனுங்க கம்பெனி இல்லீங்க, வேற திருடனுங்க. பணம் கட்டுனாலும் சாவி தருவானுங்கன்னு நம்ப முடியாது. நீங்க ஓசியில ஏதோ இறக்கி இருப்பீங்க, அதுக்குள்ளயே உக்காந்து வந்திருக்கறான். மாட்டை வித்துடாதீங்கம்மா."

"அப்பத் திருடுனது ஒருத்தங்கிட்ட, மன்னிப்பு கேட்டது இன்னொருத்தங்கிட்டயா?" என்றார் அப்பா.

"ஆமாங்க. கம்பெனிக்காரன் கேஸ் போட்டா அது தனி." சர்வீஸ்காரர் மாமா பக்கம் திரும்பினார். "கடைசியா என்னங்க இறக்குனீங்க?"

"டிசைன் சாப்ட்வேரை ஓசியில தொறக்கற கிராக்குங்க."

மாமா மறந்துவிட்டார் என்று நினைத்து நான் எடுத்துக்கொடுத்தேன். "இல்ல மாமா, கடைசியா என்னோட லா..."

மாமாவின் கை என் காதைப் பிடித்துத் திருகியது. "பெரியவங்க பேசறப்ப வாயை மூடு."

"படிக்கிற புள்ள காதை ஏன் தம்பி திருகற?" என்று பெரியம்மா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

படத்தை மீட்டது கடைசியில் அம்மா. மாட்டுக்குத் தட்டு எடுக்கப் போனவர், போர்மேல் கிடந்த பேனரைப் புரட்டிப் போட்டுவிட்டு எல்லாரையும் கூப்பிட்டார். பெரியப்பாவின் கண்ணீர் அஞ்சலி பேனர். காரியம் முடிந்ததும் முகத்தில் வெயில் படக் கூடாதென்று யாரோ கவிழ்த்துப் போர்த்தியிருந்தார்கள். கம்ப்யூட்டர் அத்தனை நாளும் அவர் முகத்துக்குக் கீழேதான் இருந்திருக்கிறது. வெள்ளைச் சட்டையில் மட்டும் சோளத்தட்டின் கறை. மாமா நாற்காலிமேல் ஏறி நின்று போனில் படம் எடுத்தார். வெளிச்சம் சரியாக விழும்வரை திரும்பத் திரும்ப எடுத்தார்.

அந்த ஃப்ரேம் இன்றும் பெரியம்மா வீட்டில் இருக்கிறது. கிட்டே போனால் கன்னத்தில் பேனர் துணியின் கட்டம் தெரியும். மாமா இப்போது அசல் சாப்ட்வேர்தான் வைத்திருக்கிறார், நாயைக் கட்டுவதில்லை.

ஒரு லாரி கொண்டுபோன மனுஷனின் முகத்தையும் இன்னொரு லாரிதான் கொண்டுபோனது என்று பெரியம்மா காதில் விழ வேண்டாம், அதுவும் என் வாயால் விழ வேண்டாம் என்று மாமா நினைத்திருக்கலாம். அன்று எனக்கு அது எட்டவில்லை. கம்பெனியை ஏமாற்றியது போதாதென்று சர்வீஸ்காரரிடமும் பொய் சொல்கிறாரே, இதற்கும் நான்தான் உட்கார்ந்து ஒரு லெட்டர் எழுத வேண்டுமோ என்று காதைத் தடவிக்கொண்டு நின்றேன்.