குடிக்காதவரின் கல்லீரல்

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பழக வருபவர்கள் வைத்த பட்டப்பெயர் 'பிரேக்கு'. பக்கத்து இருக்கையில் தனக்கென்று இருக்கும் பிரேக்கில் காலை வைத்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருவர் இறங்கியதும் படபடப்பு அடங்க ஒரு பாட்டில் குளிர்பானம் உள்ளே போகும். மதுவை மட்டும் தொட்டதே இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

லைசென்ஸ் புதுப்பிக்க எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஏதோ இடித்தது. ஸ்கேன் எடுத்தால், கல்லீரலில் கொழுப்பு. வலியோ வேறு தொந்தரவோ எதுவும் இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் மனைவி தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து அவர் வாயை முகர்ந்து பார்த்தாள்.

"எத்தன வருஷமா நடக்குது இது?"

"அடிப்பாவி! நான் குடிச்சு நீ பாத்திருக்கியா?"

"தெரியாமதானே குடிப்பாங்க."

அதோடு பேச்சு நின்றது. சாப்பாடு மட்டும் தட்டில் வந்து விழுந்தது. பொறுக்க முடியாமல் அவளையும் இழுத்துக்கொண்டு, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனார்.

"நீங்களே இவகிட்ட சொல்லுங்க டாக்டர்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "குடிக்காதவங்களுக்கும் வரும்மா. இனிப்பு, தொப்பை, உக்காந்தே பாக்குற வேலை, இதெல்லாம் போதும்."

"அப்ப கெட்டுப்போன இடத்த மட்டும் வெட்டி எடுத்துடலாமே?" என்றார் பிரேக்கு.

"ஒரே இடத்துல இருந்தா யோசிக்கலாம். இது மாவுல பிசைஞ்ச எண்ணெய் மாதிரி முழுக்கப் பரவியிருக்கு. நல்லவேளை, இன்னும் தழும்பு விழல. எடையக் குறைங்க, தானே தேறிடும்."

கல்லீரலைக் கழுவும் என்று சொல்லி மச்சான் கொடுத்த பொடியை பிரேக்கு எடுத்து நீட்டினார்.

"இதத் தொடாதீங்க. உள்ள என்ன இருக்குன்னே தெரியாது. சிலது கல்லீரலையே கெடுத்துடும்." பிறகு மனைவியைப் பார்த்தார். "உங்களுக்குச் சர்க்கரை இருக்குல்ல? நீங்களும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க."

அவளுக்கும் அதேதான். இவரைவிடக் கொஞ்சம் கூடுதல்.

வராந்தா பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். கேலி செய்ய நல்ல சமயம்தான்; ஆனாலும் அவருக்கு மனம் வரவில்லை.

"என் வாய முகர்ந்து பாக்கலையா?" என்று அவளே கேட்டாள்.

"போடி. வா, வீட்டுக்கு நடந்தே போவோம்."

அன்று தொடங்கிய நடை நிற்கவில்லை. நடுவில் சண்டை நிறைய. அவர் ஒளித்து வைத்த குளிர்பானத்தை அவள் தொட்டியில் கொட்டினாள். அவள் பிஸ்கட் டப்பாவை அவர் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வருட ஸ்கேனில் அவர் கொழுப்பு பெரும்பாலும் போயிருந்தது. அவளுடையது பாதிதான் குறைந்திருந்தது.

"எனக்கு மட்டும் ஏன் டாக்டர் இவ்வளவு மெதுவா இறங்குது?"

"இறங்குதுல்ல? விடாம நடங்க."

வெளியே வந்ததும் செருப்பு வாரை இறுக்கிக்கொண்டு, அவருக்காகக் காத்திராமல் வேகமாக நடக்கத் தொடங்கினாள்.