பின்கதவில்லாத ஜீப்

கள்ளக்குறிச்சியில் எங்களுக்குப் பழைய இரும்புக் கடை. முழுதாக உள்ளே வருகிற வண்டி எதுவும் முழுதாக வெளியே போனதில்லை. என் அத்தா கேஸ் கட்டரைக் கையில் எடுத்தால் ஒரு லாரியின் தலை கழன்று விழ அரை நாள்கூட ஆகாது. அந்த வீட்டில் பிறந்த எனக்கு ஏனோ முழு வண்டிகள்தான் கனவில் வரும். நாங்கள் அறுத்துப் போட்டதெல்லாம் மறுபடி ஒன்றுகூடி, டிரைவர் இல்லாமல், சேலம் ரோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாகப் போகும். நான் ஓரமாக நின்று கை காட்டுவேன். ஒன்றும் நிற்காது. வீட்டில் சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை.

சில வருடங்களுக்கு முன், பொங்கல் கழிந்த சமயம், வெள்ளைக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். எழுபதை நெருங்கும் வயது, நல்ல உயரம், முழங்காலில் வலி. குவியலில் கிடந்த ஒரு ஜீப் விளக்கை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்த விதத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டது. சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் நான்கு வருடம் கிடந்து கற்ற ஆங்கிலத்தைத் தூசி தட்டி எடுத்தேன்.

அவர் நாடு நாடாகப் போய்ப் பழைய வண்டிகளைத் தேடி மீட்கிறவர். அவருடைய ஊரில் பாதி வருடம் பனியாம். அந்த ஈரத்துக்குப் பழைய ஜீப்புகளின் பின்கதவு துருவேறி உதிர்ந்துவிடுமாம். பின்கதவு என்றால், சாமான் ஏற்றக் கீழே மடக்கிவிடும் தகடு. வண்டியைச் செய்த கம்பெனியின் பெயர் அதில் புடைத்த எழுத்தில் இருக்கும். அந்தக் கதவோடு, கம்பெனியில் அடித்த பெயிண்டு அப்படியே இருக்கும் ஒரு ஜீப்பை அவர் பதினாறு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். இந்த முழங்காலோடு இனி ஒரு பயணம் முடியாது, கிடைத்தால் இப்போதுதான் என்றார்.

அப்படி ஒரு ஜீப் எனக்குத் தெரியும். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி, ஒரு வீட்டு ஓரம் கூரைக்கடியில் நின்றது. முன்பு அத்தா அதை அறுக்க எடுத்துவரப் போனார். அந்த வீட்டு அக்கா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தவர் இறங்கவே இல்லையாம். அத்தா வெறுங்கையோடு திரும்பிய ஒரே வீடு அதுதான். அன்று எனக்கு உள்ளூர ஏக சந்தோஷம். அதற்குப் பிறகு தேன் வாங்கப் போகிற சாக்கில் வருடத்துக்கு ஒருமுறை போய் அதைப் பார்த்துவிட்டு வருவேன்.

அந்த அக்காவின் கணவர் ஓட்டிய வண்டி. மலையிலிருந்து கடுக்காய் மூட்டை இறக்கவும், முடியாதவர்களைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் ஒரு காலத்தில் அது ஒன்றுதான் இருந்தது. அவர் இறந்த பிறகு வண்டி நின்றுவிட்டது.

வெள்ளைக்காரர் வண்டி பார்க்க வருகிறார் என்று அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். உடனே போயிருக்க வேண்டும். ஆனால் அவருக்கு மற்ற இடங்களையும் பார்த்துவிட ஆசை. இரண்டு வாரம் சின்னசேலம், வடக்கனந்தல் என்று சுற்றினோம். திருநாவலூர்ப் பக்கம் ஒரு வைக்கோல் போருக்கடியில் பழைய மோட்டார் சைக்கிள் இருக்கிறது என்றார்கள். தோண்டினால் கைப்பிடி மட்டும் வந்தது. அதையும் அவர் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு மலை ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டியதும் பனி இறங்கி ரோட்டை மூடிக்கொண்டது. கடுக்காய் மரங்கள் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை. அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தார். எனக்கும் என் கனவுக்குள் காரோட்டிப் போகிற மாதிரிதான் இருந்தது. இந்த முறையாவது ஒரு வண்டி நிற்கட்டும் என்று மனசுக்குள் துவா செய்துகொண்டேன்.

நின்றது. ஆனால் நீல நிறத்தில் நின்றது.

ஒருவர் பார்க்க வருகிறார் என்றால் எதையும் அழுக்கோடு காட்டுவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. பெண் பார்க்க வருகிற வீட்டில் பெண்ணைச் சமையல் கரியோடா நிறுத்துவார்கள்? பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு வாங்கியதில் மீந்த நீலம் உடம்பு முழுக்க, சிவப்பு பம்பருக்கு. பானெட்டில் சாமந்தி மாலை, நெற்றியில் குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அக்காவின் தம்பிகள் இருவரும் விரல் நீலமாகக் கைகட்டி நின்றார்கள்.

"இன்னா பாய், எப்படிக்கீது?" என்றார் அக்கா.

வெள்ளைக்காரர் இரண்டு முறை சுற்றி வந்தார். எல்லாம் போய்விட்டது என்று என்னிடம் மெல்ல ஆங்கிலத்தில் சொன்னார்.

"இன்னா சொல்றாரு?"

"ரொம்ப அழகா கீதுன்றாரு." என் ஆயுளில் அவ்வளவு வேகமாகப் பொய் சொன்னதில்லை.

அவர் திரும்ப எத்தனித்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று பின்பக்கம் எட்டிப் பார்த்தார். ஜீப்பின் உள்ளே, பின்கதவை ஒட்டி, வைக்கோல் கூடையில் ஒரு கோழி அடை கிடந்தது. கூடையைச் சுற்றிக் கொஞ்ச இடம் பெயிண்டு படாமல் பழைய பாசிப் பச்சையாகவே இருந்தது. அவர் முட்டி வலியையும் மறந்து மண்டி போட்டுவிட்டார். மேலே உள்ள நீலம் புதுசு, பொறுமையாகத் துடைத்தால் அடியில் இதே பச்சை இருக்கும் என்றார். இப்போதே கதவைத் திறந்து பார்க்க வேண்டும், கோழியை நகர்த்தச் சொல் என்றார்.

"அடைக்கோழிய எயுப்பக் கூடாது பாய். முட்டையெல்லாம் கூமுட்டையாப் பூடும். இன்னும் ஒம்பது நாளு" என்றார் அக்கா. அதில் பேச்சுக்கே இடமில்லை.

அவர் விமான டிக்கெட்டைத் தள்ளிப்போட்டார்! ஒன்பது நாளும் வெள்ளிமலையிலிருந்து காலையில் வந்து, தின்னரில் நனைத்த பஞ்சால் கட்டைவிரல் அகலம், கட்டைவிரல் அகலமாக நீலத்தைத் துடைத்தார். முதலில் தம்பிகளுக்குக் கோபம். மூன்றாம் நாள் அவர்களும் பஞ்சை எடுத்துக்கொண்டார்கள். நான் கடையை அத்தாவிடம் விட்டுவிட்டு அங்கேயே கிடந்தேன். மலையில் பொழுது நகர்வதே தெரியாது. பனி வரும், போகும். கோழி எங்களைப் பார்க்கும், கண்ணை மூடிக்கொள்ளும். பின்கதவின் வெளிப்பக்கத்தில் புடைத்த எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவர் அவற்றைக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தார்.

ஒன்பதாம் நாள் குஞ்சு பொரித்தது. கூடையை எடுத்துவிட்டுக் கதவை இறக்கினார். கூடை மறைத்திருந்த உட்பக்கம் முழுக்க ஆணியால் கீறிய கோடுகள். பெரும்பாலும் நின்ற கோடுகள். நடுவில் இரண்டு மட்டும் படுத்திருந்தன. கடைசியிலும் படுத்த கோடு ஒன்று, மற்றதைவிட ஆழமாக. இது என்ன என்று அவர் கேட்டார், நான் அக்காவைக் கேட்டேன்.

"பிரசவத்துக்கு, பாம்பு கடிச்சதுக்குன்னு இதுல கீய எறக்குவாரு இல்ல, அவங்க கணக்கு. பொயச்சவங்களுக்கு நிக்கிற கோடு. பொயைக்காதவங்களுக்குப் படுத்தது."

"கடைசிக் கோடு யாருதுக்கா?"

"அவரு. தம்பிதான் ஓட்டிகினு போனான். பாதி மலையிலயே பூட்டாரு. அத நாந்தான் கீறனேன்." குஞ்சுகளைக் கூடைக்குள் தள்ளியபடியே சொன்னார். "தம்பிங்க பிரஷ்ஷத் தூக்கிகினு வந்தானுங்க. சொன்னா கேக்க மாட்டானுங்க. அதான் கோழிய அங்க அடை வெச்சேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "வண்டிய எட்த்துகினு போவச் சொல்லு பாய். ஓடினாதான் அது வண்டி, சும்மா நிறுத்தி வெச்சா அவருக்கே புடிக்காது. இந்தக் கதவ மட்டும் வுட்டுட்டுப் போவ முடியுமான்னு கேளு."

பதினாறு வருடம் அவர் தேடியது அந்தக் கதவைத்தான். எப்படியோ சொல்லி முடித்தேன். கோடுகளின் கதையையும் சொன்னேன். அவர் அந்தக் கடைசிக் கோட்டை விரலால் தடவினார். பிறகு ஸ்பானர் கேட்டார். தானே கழற்றி, இரண்டு கையிலும் ஏந்தி அக்காவிடம் கொடுத்தார். நான் திரும்பிக்கொண்டு அழுதேன். இரும்புக் கடைக்காரன் அழுதான் என்றால் யார் நம்புவார்கள்?

காகிதமெல்லாம் முடிந்து ஜீப் கப்பலேற மாதக்கணக்கானது. அடுத்த பொங்கலுக்கு முன் அவர் ஒரு வீடியோ அனுப்பினார். வெள்ளை வெளேர் என்ற ரோட்டில், பின்பக்கம் திறந்தபடி, அது ஓடிக்கொண்டிருந்தது. போனை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். பின்கதவு இப்போது அக்காவின் கோழிக் கூண்டுக்குக் கதவாகியிருந்தது. எழுத்துகள் வெளியே, கோடுகள் உள்ளே.

அக்கா மூன்று முறை பார்த்தார். "பின்னாடி தொறந்து கெடக்குதே, குளுராதா அவருக்கு?" என்றார். பிறகு எழுந்து போய் ஒரு ஆணி எடுத்து வந்தார். கூண்டைத் திறந்து, குனிந்து, அந்தக் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றவாக்கில் ஒன்று கீறினார்.

"யாருக்குக்கா?" என்றேன்.

"வண்டிக்குத்தான். அதுவும் மலைய வுட்டு எறங்கி, பொயச்சிக்கிச்சில்ல."