கம்பியோரத்தில் என் இடம்

எங்கள் ஊரில் பாதித் திங்கட்கிழமைகளில் யாரும் யாருக்கும் காலை வணக்கம் சொல்வதில்லை. எங்கள் ஊர் என்று இங்கே நான் சொல்வது திருவண்ணாமலையை அல்ல. ஜெர்மனியின் மேற்கே, நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப்போன ஒரு சின்ன நகரத்தை. அங்கே ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, வாய் நிறைய "குட்டன் மோர்கன்" சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. யாரோ இறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நானும் முகத்தைத் தொங்கப் போட்டபடி வேலை பார்த்தேன். மத்தியானம் ஒரு பெரியவர் மயக்கம் தெளிந்து கண் விழித்தார். குனிந்து, "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். "அது கிடக்கட்டும், எத்தனை கோல்?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் முந்தின நாள் எங்கள் கால்பந்து அணி நான்கு கோல் வாங்கித் தோற்றிருந்தது தெரிந்தது. செத்தவர் யாரும் இல்லை.

மொழி வகுப்பில் எனக்கு வழி கேட்கவும் ரொட்டி வாங்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றதை எல்லாம் வார்டில்தான் கற்றேன். கால் கட்டுப் போட்டுப் படுத்திருப்பவர்களுக்குக் கோச்சைத் திட்டுவதைத் தவிர வேறு என்ன வேலை? "இவனுக்குக் கண் இருக்கா", "இவனை எவன் கூட்டிட்டு வந்தான்" என்பதற்கெல்லாம் ஜெர்மன் எனக்கு அத்துப்படி. என் கூட வேலை பார்க்கும் ஸில்கே ஒருநாள், "இவ்வளவு பேசறவ ஒரு தடவை வந்து பார்" என்று மைதானத்துக்கு இழுத்துப் போனாள்.

நாங்கள் போனது நின்று பார்க்கும் பகுதிக்கு. அங்கே நாற்காலி கிடையாது, இரும்புக் கம்பிகள்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் வருடக்கணக்காக அதே இடத்தில் நிற்பவர்கள். டிக்கெட்டில் அந்த இடம் எழுதியிருக்காது, ஆனால் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு ஸில்கே பீர் வாங்கப் போன நேரத்தில் கூட்டம் நெருக்கியது. பௌர்ணமி அன்று திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறிப் பழகியவளுக்கு இதெல்லாம் ஒரு கூட்டமா? கழுத்தில் இருந்த பச்சை ஸ்கார்ஃபை அவிழ்த்து அவள் இடத்துக் கம்பியில் கட்டிவிட்டு, என்னைப் போல இரண்டு மடங்கு இருந்த ஒருவரிடம் "ஆள் வருது" என்றேன். அவர்தான் டிர்க். ரசிகர் குழுவின் தலைவர், கையில் எப்போதும் ஒலிபெருக்கி. "இது எந்த ஊர்ச் சட்டம்?" என்று கேட்டார். "எங்க ஊர் பஸ் சட்டம்" என்றேன். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டால் அந்த சீட் நமக்கு என்று விளக்கினேன். வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றிலிருந்து ஆறு வருடமாக ஸில்கேவுக்குப் பக்கத்தில் கம்பியோரத்தில் எனக்கும் ஓர் இடம் இருந்தது.

இந்த வருடம் அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

அணி இரண்டாம் பிரிவில் கடைசிக்கு முன்னால் கிடந்தது. ஒரே பருவத்தில் மூன்றாவது கோச். முதலாமவர் எல்லாரையும் கோலுக்கு முன்னால் சுவர் மாதிரி நிறுத்தினார், கோழை என்று திட்டி அனுப்பினோம். இரண்டாமவர் எல்லாரையும் முன்னால் ஓடவிட்டார், பின்னால் யாருமே இல்லை என்று திட்டி அனுப்பினோம். மூன்றாமவர் என்ன செய்கிறார் என்று கண்டுபிடிப்பதற்குள் ஆறு மேட்ச் போய்விட்டது. இது வரைக்கும் எனக்கும் மற்றவர்களுக்கும் ஒரே கருத்து. தகராறு கேப்டனைப் பற்றியது. அவர் அதே ஊரில், மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவர். அவர் படம் இல்லாத பார் கிடையாது. ஆனால் குதித்து இறங்கும்போது அவர் இடது காலில் எடை வைப்பதில்லை. எத்தனையோ முழங்காலைப் பார்த்த கண் எனக்கு. "அவரை உட்கார வைக்கணும், டிஃபென்ஸ் அவரால்தான் ஓட்டை" என்று சொன்னேன். டிர்க் முகம் சிவந்துவிட்டது. "அவன் இங்கே பிறந்தவன்" என்றார். "இங்கே பிறந்தா முழங்கால் தேயாதா?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த மேட்சில் குழு ஒரு முடிவெடுத்தது. அறுபதாவது நிமிடத்தில் எல்லாரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும். அங்கே அது கோச்சுக்குக் காட்டும் பெரிய எதிர்ப்பு. டிர்க் ஒலிபெருக்கியில் சொன்னதும் ஆயிரக்கணக்கான முதுகுகள் ஒன்றாகத் திரும்பின. ஸில்கேயும் திரும்பினாள். நான் திரும்பவில்லை.

யோசித்து எடுத்த முடிவென்று பெருமை பேச மாட்டேன். உடம்பு திரும்பவில்லை, அவ்வளவுதான். திருவண்ணாமலைப் பெரிய கோயிலில் சாமி பார்த்துவிட்டு வெளியே வரும்போது சட்டென்று முதுகைக் காட்டி நடக்க மாட்டோம். நாலு அடி பின்னாலேயே வைத்து, பின்னால் வருபவர் காலை மிதித்து, அவரிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் திரும்புவோம். அதற்காக நாங்கள் அங்கே பயந்து பணிந்து நிற்பவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் அம்மா மழை பொய்த்த வருடம் ஒன்றில், "கல்லு மாதிரி நின்னுக்கினு இருக்கியே, கண்ணு தெரியலையா உனக்கு?" என்று சந்நிதியிலேயே நின்று கேட்டார். குருக்கள் வழக்கம்போல விபூதி கொடுத்தார். நமக்கு உரியவரை நேருக்கு நேர் நின்று திட்டலாம், நாள் முழுக்கத் திட்டலாம். முதுகைக் காட்டினால் உறவு முடிந்தது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த முறை அதுதான்.

டிர்க் என்னைப் பார்த்துவிட்டார். "நீ அந்தக் கோச் பக்கமா?" என்று கத்தினார்.

"இல்லை. அவர் இன்னைக்கே போகணும். அதை அவர் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுவேன்."

"கேப்டனைத் திட்டுவாய், கோச்சுக்கு ஆதரவாக நிற்பாய். இந்த அணி பட்ட கஷ்டம் உனக்கு என்ன தெரியும்? விருந்தாளி விருந்தாளி மாதிரி இருக்க வேண்டும்."

விருந்தாளி! ஆறு குளிர்காலம் அந்தக் கம்பியில் கை விறைத்து நின்றிருக்கிறேன். எந்த வீட்டில் விருந்தாளியை மழையில் நிற்க வைக்கிறார்கள்? கேட்டேன், தமிழில்தான் கேட்டேன், கோபத்தில் ஜெர்மன் வரவில்லை. ஸில்கே திரும்பின முதுகோடே நின்றாள். டிர்க் சொன்னதைவிட அந்த முதுகுதான் எனக்கு வலித்தது. இரண்டு நாள் கழித்துக் குழுவின் செய்தி வந்தது. கடைசி மேட்ச் முடிந்ததும் கூட்டம் போடுவார்களாம். நான் இனிமேல் அவர்களோடு கம்பியோரத்தில் நிற்கலாமா, கூடாதா என்று அதில் முடிவு செய்வார்களாம். வார்டில் ஸில்கே மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னைக் கடந்து போனாள். நானும் கட்டு மாற்றுவதில் குனிந்துகொண்டேன்.

அந்த நேரத்தில்தான் தம்பி குமார் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் வேங்கிக்காலில் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா வைத்தான். லீவு போட்டு வந்தேன். விழா நடந்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் கடைசி மேட்ச். டிரா செய்தால் தப்பிப்போம், தோற்றால் மூன்றாம் பிரிவு. இங்கே சாயந்திரம் ஏழு மணிக்குத் தொடக்கம். விடியற்காலையில் பால் காய்ச்சியதிலிருந்து நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னாக்கா, வந்ததுலேர்ந்து ஒரு மாதிரியா கீற?" என்றான் குமார்.

சொன்னேன்.

"தோக்கற டீமுக்கா இவ்ளோ டென்ஷன்? ஜெயிக்கற டீமா பாத்து ஒன்னு புடிச்சுக்கயேன். அதுவும் அவங்க ஊரு டீமு. உனக்கு இன்னா வந்துச்சு?"

அங்கே டிர்க், இங்கே இவன். இரண்டு பேரும் ஒரே வாய் போலப் பேசினார்கள். "நீ கட்டின வீட்டுல செவுரு விரிசல் வுட்டா பக்கத்து வீட்டைப் புடிச்சுக்குவியாடா?" என்று கேட்டேன். அவன் பைக் சாவியை எடுத்தான். புது வீட்டுக்கு இன்னும் இன்டர்நெட் வரவில்லை. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு மொட்டை மாடிக் காபிக்கடை இருக்கிறது, பெரிய டி.வி. உண்டு என்று கூட்டிப்போனான்.

மாடியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. குமார் கடைக்காரரிடம் என்ன சொன்னானோ, அவர் முனகினவர்களைப் பார்த்து, "கிரிக்கெட் நாளைக்கும் கீது சார். அக்காவோட மேட்ச் இன்னியோட முடியுதாம்" என்று சேனலை மாற்றிவிட்டார். மூலை மேசையில் வெள்ளை வேட்டியும் ருத்திராட்ச மாலையுமாக ஒரு வெள்ளைக்காரர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எங்கள் அணியின் பச்சைச் சட்டை திரையில் வந்ததும் ஒரு கண்ணைத் திறந்தார். பெயர் ரைனர், எங்கள் நகரத்துக்காரர், இங்கே அறை எடுத்துத் தங்கி மூன்று வருடம் ஆகிறது. "அதெல்லாம் விட்டாயிற்று, பற்று இல்லை" என்று ஜெர்மனில் சொன்னார். சொல்லி ஐந்து நிமிடம் ஆகவில்லை, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மூன்றாவது கோச்சை எந்த மடையன் கூட்டிவந்தான் என்று ஆரம்பித்தார்.

அதற்கு நான் ஒத்துக்கொண்டேன். கேப்டன் விஷயத்தில் முட்டிக்கொண்டது. கேப்டன் இல்லாவிட்டால் அணியே இல்லை என்றார். முழங்காலைப் பாருங்கள் என்றேன். நீங்கள் அவர் இருபது வயதில் ஆடியதைப் பார்த்ததில்லை என்றார். இருபது வயதில் நானும்தான் மூட்டை தூக்கினேன் என்றேன். குரல் ஏறியது. இரண்டு பேரும் எழுந்து நின்று கையை நீட்டிக் கத்தினோம். குமாருக்கு ஒரு சொல் புரியவில்லை. பாய்ந்து நடுவில் வந்து, "யோவ் சாமி, பொம்பளை கிட்ட இன்னா கையை நீட்டிப் பேசறீங்க?" என்றான்.

"டேய், நாங்க சண்டை போடலடா. கேப்டனைப் பத்திப் பேசிக்கினு இருக்கோம்."

"பேசறதே இப்படியா? அப்ப அங்க சண்டை போட்டா எப்படி இருக்கும்?"

பாதி மேட்ச் வரைக்கும் கோல் இல்லை. இடைவேளைக்குப் பிறகு கோச் கேப்டனை வெளியே எடுத்தார். நான் சொன்னதேதான்! மேசையைத் தட்டினேன். அவருக்குப் பதிலாக வந்த பையன் பத்து நிமிடத்துக்குள் வழுக்கி விழ, எதிரணி கோல் போட்டது. கொஞ்ச நேரத்தில் அதே பையன் பந்தை அவர்கள் காலிலேயே கொடுத்தான், இரண்டாவது கோல். ரைனர் என்னைப் பார்த்தார், அது போதுமாக இருந்தது. சரி, தப்பாகச் சொல்லிவிட்டேன். தப்பாகச் சொல்லவும் எனக்கு உரிமை உண்டு. அங்கே பிறந்தவர்கள் எத்தனை தப்பு சொன்னார்கள், அவர்களை யார் கூட்டம் போட்டு விசாரித்தார்கள்?

எழுபதாவது நிமிடத்தில் திரையில் எங்கள் பகுதியைக் காட்டினார்கள். எல்லாம் முதுகுகள். அதைப் பார்த்த ரைனர் எழுந்து தன் நாற்காலியையும் திருப்பிப் போட்டு, டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

குமார் முகத்தைச் சுளித்தான். "இன்னாக்கா இவரு? நல்லா கீற வரைக்கும் பாத்துட்டு, தோக்கறப்ப முதுகைக் காட்டறாரு. பாவம் அந்தப் பசங்க."

முதுகைக் காட்டும் விஷயத்தை நான் அவனுக்குச் சொல்லியிருக்கவே இல்லை. என் கண் நிறைந்துவிட்டது. தொண்டை கட்டும் வரை கத்தினேன். கோச்சைத் திட்டினேன், வழுக்கின பையனைத் திட்டினேன், கடைசி விசில் வரைக்கும் ஜெர்மனில் தொடங்கித் தமிழில் முடித்தேன். மாடியில் கிரிக்கெட்டுக்காகக் காத்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தோற்றோம். மூன்றாம் பிரிவு.

போனை எடுத்தேன். கூட்டம் போட்டு முடிவு சொல்லட்டும் என்று காத்திருக்க நான் யார் வீட்டு விருந்தாளி? முதலில் அடுத்த பருவத்துக்கு டிக்கெட் வாங்கினேன். பிறகு குழுவுக்கு எழுதினேன்: "மூன்றாம் பிரிவிலும் நான் அதே கம்பியோரத்தில் நிற்பேன். கேப்டன் விஷயத்தில் நான் சொன்னது தப்பு. திரும்பி நிற்க மாட்டேன் என்றது தப்பு இல்லை. உங்கள் கூட்டத்தில் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள்." டிர்க் படித்துவிட்டார் என்று காட்டியது.

பதில் ஸில்கேயிடமிருந்து வந்தது, மேட்ச் நடக்கும்போது எடுத்த ஒரு படம் மட்டும். கம்பியில் என் இடத்தில் அவளுடைய பச்சை ஸ்கார்ஃப் இறுகக் கட்டியிருந்தது. சுற்றிலும் நெருக்கும் கூட்டம், அந்த ஓர் ஆள் இடம் மட்டும் காலி. கீழே எழுதியிருந்தாள்: "டிர்க் கேட்டான். ஆள் வருது என்றேன்."

குமாரிடம் காட்டினேன். "நம்ம ஊரு பஸ்ஸு மாதிரியே துண்டு போட்டு வச்சிருக்குதே அந்தம்மா" என்று வாயைப் பிளந்தான்.

ரைனர் நாற்காலியைத் திருப்பவில்லை. அப்படியே உட்கார்ந்து, தலையை மட்டும் திருப்பி, "முதுகைக் காட்ட மாட்டேன் என்கிறாயே, உன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தாயா?" என்றார். திரும்பிப் பார்த்தேன். மலை. எங்களுக்குச் சாமியே அதுதான். இருட்டிவிட்ட வானத்தைவிடக் கருப்பாக, மாடிச் சுவருக்கு மேலே முழுசாக நின்றிருந்தது. இரண்டு மணி நேரமாக நான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

திரையில் எங்கள் பையன்கள் புல்லில் முகம் புதைத்துக் கிடந்தார்கள். அவர்களையும் விட முடியாது. எழுந்தேன். நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப் பக்கவாட்டில் போட்டேன், மலை ஒரு தோளுக்கு, டி.வி. ஒரு தோளுக்கு. இப்படி இரண்டையும் பார்க்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பி உட்கார வேண்டும்.

"கழுத்து வலிக்கும்க்கா" என்றான் குமார்.

"வலிக்கட்டும்டா" என்றேன்.