அக்காவின் நம்பரில் ஊற்றிய பால்

மாடம்பாக்கத்தில் மாடு வளர்க்கிறேன் என்று சொன்னால், புதிதாகக் குடிவந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். புலி வளர்க்கிறேன் என்று சொன்னால்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குகிற இடத்தில் மாட்டுக்கு என்ன வேலை என்பது அவர்கள் எண்ணம். கோயிலுக்குப் பின்பக்கத் தெருக்களில் இன்றும் மாடுகள் இருக்கின்றன. என் வீட்டுப் பின்புறத்திலும் இருக்கின்றன. என் வீட்டுக்காரர் ஆபீஸுக்குப் போனார், நான் மாடுகளைப் பார்த்துக்கொண்டேன். இரண்டில் எது குடும்பத்தைக் காப்பாற்றியது என்பதில் எங்களுக்குள் இன்றுவரை தகராறு உண்டு.

கறந்த பாலை சொசைட்டியில் ஊற்றுவோம். பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கம் என்று போர்டில் நீளமாக எழுதியிருந்தாலும் எங்கள் வாயில் அது சொசைட்டிதான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை, உள்ளே எடை பார்க்கவும் கொழுப்புச் சத்து பார்க்கவும் மெஷின்கள், வாசலில் வரிசையாக நாங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மெம்பர் நம்பர். நம்பரைச் சொல்லி ஊற்றினால் பாலின் தரத்துக்கு ஏற்ற விலை எங்கள் கணக்கில் ஏறும். பிறகு எல்லோருடைய பாலும் ஒரே கேனில் கலந்து வேனில் போய்விடும்.

அந்தக் கொட்டகையில் எனக்கும் டெஸ்ட் பார்க்கிற தம்பிக்கும் சண்டை வராத வாரம் கிடையாது. கொழுப்பு குறைவு என்று அவன் சொன்னால் நான் விடமாட்டேன். "மெஷினக் கழுவிட்டு மறுபடியும் போடுப்பா" என்பேன். முணுமுணுத்துக்கொண்டே போடுவான். போட்டுத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அந்த மெஷினை வாங்கலாம் என்று பொதுக்குழுவில் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. தீவனம் எங்கே வாங்குவது, தீபாவளி போனஸ் எவ்வளவு என்பதையெல்லாம் அந்தக் கொட்டகைத் தரையில் உட்கார்ந்து கத்திக் கத்தி நாங்களே முடிவு செய்தோம். என் வீட்டுக்காரரின் ஆபீஸில் அவரை யாரும் எதையும் கேட்டதாக எனக்குத் தெரியாது. இதை நான் சொல்லிக் காட்டும்போதெல்லாம் அவர் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

பெருமழை பெய்து முடிச்சூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த வருஷம் வேன் வரவில்லை. அத்தனை பாலையும் என்ன செய்வது என்று யாரிடமும் கேட்கப் போகவில்லை. காய்ச்சி, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்குக் கொடுத்துவிடுவது என்று நின்றபடியே முடிவானது. கம்பெனிப் பாலாக இருந்திருந்தால் மேலிடத்து உத்தரவு வருவதற்குள் திரிந்துபோயிருக்கும்.

சொசைட்டியில் ஒரு விதி உண்டு. வருஷத்தில் இத்தனை நாளாவது பால் ஊற்றினால்தான் மெம்பருக்கு ஓட்டு, கறவை மாட்டுக் கடனுக்குச் சிபாரிசு எல்லாம். ஊற்றாவிட்டால் பெயர் மட்டும் இருக்கும், வேறொன்றும் இருக்காது. நியாயமான விதிதான். ஆனால் மாடு செத்துப்போனவளுக்கு அது எப்படி நியாயமாகும்?

என்னுடைய முதல் மாடு அப்படித்தான் செத்தது. அப்போது எனக்கு இருந்ததே அது ஒன்றுதான். வயிறு உப்பிப் படுத்தது, எழுந்திருக்கவில்லை. அறுத்துப் பார்த்த டாக்டர் வயிற்றிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் கவர்களை ஒரு ஓரமாகக் குவித்தார். துணிக்கடைக் கவர், மளிகைக் கடைக் கவர், ஊரே போட்டது. மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு மாடு வாங்கக் கடன் வேண்டும். கடனுக்கு நான் ஊற்றுகிற மெம்பராக இருக்க வேண்டும். ஊற்ற மாடு வேண்டும். இந்த வட்டத்தில் மாட்டிக்கொண்டு நான் சொசைட்டிப் பக்கமே போகாமல் வீட்டில் கிடந்தேன்.

அக்காதான் வந்து என்னை எழுப்பினார். கூடப் பிறந்தவர் இல்லை, அடுத்த தெருக்காரர். அவர் வீட்டுக்காரர் இரும்புலியூரில் சோபா தைக்கிற கடை வைத்திருந்து, சின்ன வயதிலேயே இறந்துபோனார். அதன்பிறகு நாலு மாட்டை வைத்து ஒரே மகனை இன்ஜினியரிங் படிக்க வைத்தவர் அக்கா. எங்களில் முதன்முதலாக நிர்வாகக் குழுவுக்கு நின்று ஜெயித்த பெண்ணும் அவர்தான்.

"இன்னாம்மா, நீ பாட்டுக்கு வூட்ல படுத்துகினு கீற? உன் நம்பர்ல பால் ஏறிக்கினுதான் கீது," என்றார்.

எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலை அவருடன் போய்ப் பார்த்தேன். அக்கா தன் பாலைத் தன் நம்பரில் ஊற்றினார். பிறகு தூக்குப் பாத்திரத்திலிருந்து கொஞ்சத்தைத் தனியே எடுத்து என் நம்பரைச் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணும் அப்படியே செய்தாள். டெஸ்ட் பார்க்கிற தம்பி ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுகை அவ்வளவு சீக்கிரம் வருகிற ஆளில்லை நான்.

அப்படித்தான் எனக்குக் கடன் கிடைத்தது, மாடு வந்தது. அது ஈன்ற கிடாரியும் பிறகு கறவைக்கு வந்தது. மகள் நர்சிங் முடித்து வேலைக்குப் போனாள். என் குடும்பம் நின்றது அந்தத் தூக்குப் பால்களில்தான் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

பிறகு அதுவே எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. யாருக்கு மாடு வற்றினாலும், யாருடைய மாடு சினையாக இருந்தாலும் அவர்கள் நம்பரில் மற்றவர்கள் ஊற்றினோம். அக்காவுக்கு முட்டி தேய்ந்து, மாடுகளை ஒவ்வொன்றாக விற்று முடித்தபோது, அவர் கேட்காமலே அவர் நம்பரில் ஊற்ற ஆரம்பித்தேன். இனி மாடு வாங்கப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அக்கா மெம்பராக இல்லாத சொசைட்டியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அக்காவைப் போலவே மாட்டை விட்ட இன்னும் பலருக்கும் அவரவர் சொந்தக்காரர்கள் ஊற்றினார்கள். அது தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல மனசு என்றே நினைத்தோம்.

இதற்கு நடுவில் கொட்டகையின் இரண்டு பக்கமும் அடுக்குமாடி வந்துவிட்டது. பெருங்களத்தூரில் ஆரம்பித்த வேலை எங்கள் தெருவரை வந்து நின்றது. வந்தவர்களுக்குப் பசும்பால் வேண்டும், ஆனால் பசு வாசம் வேண்டாம். காலை ஐந்து மணிக்குக் கேன் சத்தம் கேட்கிறது என்று புகார் போனது. எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. பிளாட் கேட்டில் நின்று பால் கொடுத்தால் லிட்டருக்குக் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று நல்ல பாலை அங்கே விற்றுவிட்டு மிச்சத்தைச் சொசைட்டிக்குக் கொண்டுவந்தார்கள். பள்ளி விடுமுறையில் பிளாட்காரர்கள் ஊருக்குப் போனால் மட்டும் அத்தனை பேரும் சொசைட்டி வரிசையில் நிற்பார்கள். பேஜார் பிடித்த ஜனங்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், மூஞ்சிக்கு நேராகவே திட்டுவேன். திட்டினால் பால் ஏறுமா?

கேன்கள் குறைந்தன. இவ்வளவு கொஞ்சம் பாலுக்கு வேன் வந்து போவது கட்டுப்படியாகாது, ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு இணைத்துவிடலாம் என்று ஒரு அதிகாரி வந்து சொன்னார். பொதுக்குழு ஒப்புக்கொண்டால் இணைப்பு, ஒப்புக்கொள்ளாவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் பார்க்கலாம். ஏரிக்கு அந்தப் பக்கம் தினம் இரண்டு வேளை தூக்கோடு போய்வர என்னால் முடியாது. ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது, பஸ்ஸும் கிடையாது. இணைத்தால் என் கறவை போச்சு. எனக்கு அது அவ்வளவுதான்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். நான் சர்ச்சில் முதல் பூசைக்குக்கூடப் போகாமல் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். மாடு வைத்திருந்தவர்களில் பாதிக்கு மேல் என் பக்கம் இருந்தார்கள். மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அந்தக் கணக்கில் நான் ஒரே ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன்.

"இணைப்புக்குச் சம்மதிக்கறவங்க கை தூக்குங்க," என்றார் அதிகாரி.

தூக்கிய கைகளைப் பார்த்தேன். மாடு இல்லாத கைகள். எங்கள் பாலை ஊற்றி ஊற்றி நாங்கள் உயிரோடு வைத்திருந்த நம்பர்கள். கொட்டகை போனால் அவர்களுக்கு நஷ்டமில்லை. சிலருடைய பிள்ளைகள் அந்தப் பிளாட்டுகளிலேயே குடியிருந்தார்கள். கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காவும் கையைத் தூக்கியிருந்தார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் தூக்கினார்.

அவர் ஒருவர் தூக்காமல் இருந்திருந்தாலும் நாங்கள் தோற்றுத்தான் இருப்போம். அதில் எனக்கு எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேவிட்டேன். "ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? உங்க பையன் சொன்னானா?"

"அவன் சொன்னான், இல்லன்னு சொல்ல மாட்டேன்," என்றார் அக்கா. "ஆனா அதுக்கோசரம் தூக்கல. உன் கையப் பாரு. விரல மடக்க முடியுதா உன்னால? என் முட்டி போச்சு, உனக்குக் கை போவுது. பொண்ணு சம்பாதிக்குது. இன்னும் எதுக்கும்மா சாணி அள்ளிகினு கீற? சொசைட்டி இருந்தா நீ விடவே மாட்ட. அதான்."

என் நல்லதுக்கு என் கொட்டகையை மூடியிருக்கிறார். "அதை நான் சொல்லணும்க்கா, நீங்க சொல்லக் கூடாது," என்றேன். பிறகு பல மாதங்கள் அவரோடு பேசவில்லை. அவர் சொன்னது பொய்யில்லை என்பதில்தான் எனக்கு அதிகக் கோபம். கோபத்தைவிட, அக்காவே இப்படி நினைத்துவிட்டாரே என்ற துக்கம் பெரிதாக இருந்தது.

மாட்டை நான் விற்கவில்லை. பிடிவாதம் என்று மகள் சொல்கிறாள், சொல்லட்டும். கொட்டகை மூடிய கொஞ்ச நாளிலேயே ஒரு தனியார் கம்பெனி வண்டி எங்கள் தெருமுனைக்கு வர ஆரம்பித்தது. முதலில் நல்ல விலைதான் கொடுத்தார்கள். சொசைட்டி போனதே நல்லது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். மற்ற வாடிக்கையெல்லாம் நின்றுபோய் எல்லோரும் அந்த வண்டியையே நம்ப ஆரம்பித்த பிறகு விலை இறங்கியது. கொழுப்பு குறைவு, தண்ணி இருக்கிறது என்று தினம் ஒன்று. மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் பார்க்க வரும் சொசைட்டி டாக்டர் இப்போது இல்லை. தீபாவளிக்கு ஒரு காலண்டர் கொடுத்தார்கள்.

போன மாதம் ஒரு காலை, டாக்டர் நடக்கச் சொன்னாரென்று அக்கா தெருமுனை வழியாக வந்தார். அந்த நேரம் வண்டிக்காரன் என் பாலில் தரம் பார்க்கிற குச்சியை விட்டுப் பார்த்து, "கொறைவாத்தான் கீதுக்கா," என்று ஒரு விலை சொன்னான். நான் தலையாட்டிவிட்டுத் தூக்கை எடுத்தேன்.

அக்கா நின்றுவிட்டார். "இன்னாம்மா, வாயத் தொறக்காம வர்ற? மறுபடியும் போடச் சொல்லேன்."

"சொன்னா நாளைலேர்ந்து ஊத்தாதீங்கன்னு சொல்லுவான்க்கா. போன வாரம் அந்த மூலை வீட்டுக்காரிய அப்படித்தான் சொன்னான்."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. பழைய நிர்வாகக் குழு நடையில், முட்டி வலியோடு விறுவிறுவென்று வண்டிக்குப் போனார். "தம்பி, குச்சியக் கழுவிட்டு எங்க கண்ணு முன்னாடி இன்னொரு தபா பாரு," என்றார்.

அவன் மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. கேனை மூடியபடியே, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். "நீங்க யாரும்மா?"

அக்கா வாயைத் திறந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் தூக்கைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நின்றேன். அவனுக்குச் சொல்ல எங்கள் இருவரிடமும் ஒரு மெம்பர் நம்பர்கூட இல்லை.