மேலே ஏறிக்கொண்டே போன தாழ்ப்பாள்

இதை நம்புங்கள் என்று யாரையும் நான் கெஞ்சப்போவதில்லை. "எழுதாத, பைத்தியம்னு சொல்வாங்க" என்று என் கணவரே தடுத்தார். ஆனால் நடந்தது நடந்ததுதான். பட்டப்பகலில், என் கண் முன்னால், என் குழந்தைக்கு நடந்தது. ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

எங்கள் மகளுக்கு அப்போது இரண்டேகால் வயது. வீட்டில் அவளை வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். நடக்கப் பழகும் முன்பே ஏறப் பழகியவள். மேசையின் இழுப்பறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வெளியே இழுத்து, படிக்கட்டாக்கி, உச்சியில் போய் உட்கார்ந்திருப்பாள். நாங்கள் ஒரு பூட்டைத் திறக்கும்போது ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும். விரல் வாயில் இருக்கும், கண் பூட்டில் இருக்கும். மறுநாள் அது திறந்து கிடக்கும்.

நான் வீட்டிலேயே துணி தைப்பவள். ஊசி, குண்டூசி, கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி... ஒரு குழந்தை தொடக்கூடாதவை அத்தனையும் எங்கள் கூடத்திலேயே இருந்தன. கணவர் பஸ் ஓட்டுகிறார். விடியும் முன் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார்.

அந்த வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. குடிபோன வாரமே வேலையை ஆரம்பித்துவிட்டோம். மேசை முனைகளில் ரப்பர் ஒட்டினோம். பிளக் ஓட்டைகளை அடைத்தோம். சமையலறை வாசலுக்கு ஒரு தடுப்புக் கதவு. பால்கனி மட்டும் மிச்சம்.

"தாழ்ப்பாளைக் கதவு உச்சியில போட்டுடுறேன். அப்பவும் திறந்துட்டான்னா, அவகிட்டயே வாடகையும் கேட்டுக்கலாம்" என்று கணவர் ஸ்டூல் மேல் ஏறினார். ஏறியவர் அப்படியே நின்றார்.

"ஏம்மா, இங்க வந்து பாரேன்."

கதவில் பழைய திருகாணித் துளைகள். அடைத்து, மேலே பெயின்ட் பூசியிருந்தார்கள். இடுப்பு உயரத்தில் ஒரு வரிசை. நெஞ்சு உயரத்தில் ஒரு வரிசை. தலைக்கு மேலே இன்னொன்று. கடைசி வரிசை, அவர் தாழ்ப்பாள் வைக்கப் பார்த்த அதே இடத்தில்.

"நமக்கு முன்னாடி இருந்தவங்களும் ஒரு வாண்டை வச்சுக்கிட்டு அல்லாடியிருக்காங்க" என்று சிரித்துக்கொண்டே அதே இடத்தில் தாழ்ப்பாளை முடுக்கினார்.

நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கதவைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் துளைகளைத்தான் எண்ணுவேன். யாரோ ஒருத்தி, ஒவ்வொரு முறையும் தோற்று, தாழ்ப்பாளை மேலே மேலே ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள்...

முதலில் கத்தரிக்கோல்.

பாதித் துணியை வெட்டிக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் பொங்கும் சத்தம். அப்படியே மேசைமேல் போட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்தால் கத்தரிக்கோல் இல்லை. வீட்டையே புரட்டிப் போட்டேன். கடைசியில் பீரோவின் தலைமேல் இருந்தது. எனக்கே நாற்காலி போட்டால்தான் எட்டும் இடம்.

அப்புறம் குளியலறை வாளி. நிறைய தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் காலி. தரை முழுக்க ஈரம்.

இஸ்திரிப் பெட்டியின் வயரை யாரோ பிடுங்கி, சுற்றி, உள்ளே தள்ளி வைத்திருந்தார்கள்.

கணவரிடம் சொன்னேன்.

"நீயே வச்சிட்டு மறந்திருப்ப. தூக்கமே இல்ல உனக்கு."

இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு நாள் வாண்டுவிடமே கேட்டேன்.

"கத்தரிக்கோலை யாருடா மேல வச்சா?"

"அம்மா."

"நான் வைக்கலையே."

"நீ இல்ல... அழுவுற அம்மா."

சொல்லிவிட்டு அவள் விளையாடப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல். தைத்துக் கொடுக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடந்தன. மத்தியானம் வாண்டைத் தூங்க வைத்துவிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தேன். மணி மூன்று இருக்கும். கரண்ட் போனது. மெஷின் நின்றது. வீடே ஓய்ந்துபோனது. அப்படியே மேசைமேல் தலை சாய்த்தேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது.

சர்ர்ர்...

ஸ்டூலை இழுக்கும் சத்தம்.

சர்ர்ர்... சர்ர்ர்...

காதில் விழுகிறது. கண் திறக்கவில்லை. காய்ச்சல் அப்படி அழுத்தியது.

டக்.

அது தாழ்ப்பாள் விழும் சத்தம். எழுந்தேன்.

படுக்கையில் அவள் இல்லை. பால்கனிக் கதவு விரியத் திறந்திருந்தது. கதவடியில் ஸ்டூல். பக்கத்தில், துணி அளக்கும் என் நீள மர ஸ்கேல். அதை வைத்துத்தான் தாழ்ப்பாளை நெம்பியிருக்கிறாள்.

வெளியே துணிக்கூடை கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் ஏறி, கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்து...

என் குழந்தை வெளியே குனிந்துகொண்டிருந்தாள்.

கால்கள் கூடையைவிட்டு எழும்பிவிட்டன.

தலை கீழே சரிந்துவிட்டது.

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கூடம் முழுக்க இருந்தது.

அப்போது...

அவள் நின்றாள்.

அந்தரத்தில்.

கவுனின் முதுகுப்பக்கம் விறைத்துப் பின்னால் இழுபட்டிருந்தது. துணி ஒரே இடத்தில் கொத்தாகக் கசங்கியிருந்தது. நான் துணியோடு பிழைப்பவள். காற்றில் பறக்கும் துணி எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இது காற்றில்லை.

பிடி.

ஒரு கையின் பிடி.

அங்கே யாரும் இல்லை.

மெல்ல... மெல்ல... அவள் பின்னால் வந்தாள். கால் கூடையைத் தொட்டது. கூடையிலிருந்து தரைக்கு இறங்கினாள்.

என் காதருகே ஒரு மூச்சு. ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை விடுவதுபோல். கூடவே ஒரு கேவல்...

நான் அவளை அள்ளிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கினேன்.

கீழ்வீட்டில்தான் வீட்டுக்காரம்மா இருந்தார். நான் ஏதும் சொல்லும் முன்பே என் முகத்தைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பால்கனியா?"

தலையாட்டினேன். அவர் அழ ஆரம்பித்தார்.

"ஆறு வருஷம் முன்னாடி ஒருத்தி இருந்தாம்மா. புருஷன் இல்ல. ஒரே பையன். உன் பொண்ணு மாதிரியேதான், துறுதுறுன்னு... அவளும் என்னென்னவோ பூட்டு போட்டா. அன்னிக்கு வாசல்ல யாரோ கூப்பிட்டாங்கன்னு போயிருக்கா. திரும்பிப் பார்த்து ஓடியிருக்கா. சட்டையைப் பிடிச்சுட்டா. ஆனா..."

வீட்டுக்காரம்மா தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"கையில பொத்தான் மட்டும்தான் மிஞ்சுச்சு."

"ஏன் எங்ககிட்ட சொல்லலை?"

"சொன்னா யாரு குடி வருவா?"

என் மடியில் வாண்டு தன் கவுனின் முதுகைத் தொட்டுப் பார்க்கக் கையைப் பின்னால் வளைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அம்மா எப்போ செத்தாங்க?" என்று கேட்டேன்.

வீட்டுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"சாகலையே. உயிரோடதான் இருக்கா. அவ அக்கா வீட்டுல."

அந்த மாதமே வீட்டைக் காலி செய்தோம். ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. ஒரு நாள் வீட்டுக்காரம்மாவிடம் நம்பர் வாங்கி அந்த அக்காவுக்கு போன் செய்தேன். அந்த வீட்டில் பிறகு குடியிருந்தவள் நான், தங்கச்சி எப்படி இருக்கிறார் என்று கேட்கத்தான் கூப்பிட்டேன் என்றேன். வேறு எதையும் நான் சொல்லவில்லை. இதைக் கவனியுங்கள். எதையுமே சொல்லவில்லை.

"அப்படியேதாம்மா கிடக்கா" என்றார் அவர். "அந்தக் கொடுமைக்கு அப்புறம் பேச்சும் இல்ல, எழுந்து நடக்கவும் இல்ல. ஆறு வருஷமா ஒரு விரல்கூட அசைக்கல. போன மாசம்தான் ஒரு நாள், மத்தியானம் மாத்திரை குடுக்கப் போறேன், திடீர்னு எழுந்து உட்கார்ந்தா. கையை நீட்டினா. 'பிடிச்சுட்டேன்'னு சொன்னா. அவ்வளவுதான். திரும்பப் படுத்துட்டா."

என்ன தேதி என்று கேட்டேன். சொன்னார்.

வாண்டு பால்கனியில் தொங்கிய அதே நாள்.

"இப்ப எப்படி இருக்காங்க?"

"முகத்துல அழுகை போயிடுச்சும்மா. ஆனா அன்னிக்கு மூடின கையை இன்னும் விரிக்கல. டாக்டர்கூட வந்து பார்த்தாரு, முடியல. என்னத்தைப் பிடிச்சாளோ தெரியல... விடவே மாட்டேங்கிறா."