பெட்டியிலிருந்து வந்த இரண்டாவது ஆள்

ஞாயிறு மதியம் டிவியில் அந்த மாதிரிச் சிரிப்புப் படம் வந்தால் என் மனைவி சேனலை மாற்ற விடமாட்டாள். நாயகன் ஒரு பெட்டிக்குள் போவான். புகை வரும். அதே சட்டை, அதே மீசையோடு இரண்டு பேர் வெளியே வருவார்கள்.

அப்படி ஒரு படத்தை நாங்கள் முதலில் பார்த்தது திண்டுக்கல்லில், பண்ணை ஆட்களெல்லாம் சேர்ந்து போனபோது. அப்போது நான் சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் கொய்யாவுக்குப் பதியன் போட்டுக்கொண்டிருந்தேன். கிளையில் பட்டையை வளையமாக உரித்து, ஈரமண் வைத்து, பாலிதீன் சுற்றிக் கட்டினால் அங்கேயே வேர் விடும். வெட்டி நட்டால் தாய்மரத்தின் அதே ரகம். அவளுக்கும் அங்கேதான் வேலை; நான் உரிப்பேன், அவள் கட்டுவாள். அவள் பன்னிரண்டாவது வரை படித்தவள், நான் ஐந்தாவது. இரண்டு வருடம் ஒரே மரத்தடியில் நின்றும் மனதில் இருந்ததை நான் சொன்னதில்லை.

படம் பார்த்த மறுநாள், வருகிற வெள்ளிக்கிழமை தன்னைப் பெண் பார்க்கக் கொடைரோட்டிலிருந்து வருகிறார்கள் என்றாள். படத்தில் வந்த மாதிரி எனக்கும் ஒருத்தன் இருந்தால் உன் அப்பாவிடம் பேச அவனை அனுப்பிவிடுவேன் என்றேன். தலையைத் தூக்காமலே சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. பேப்பரில் படித்ததைச் சொன்னாள். ஓர் ஆட்டின் உடம்பிலிருந்து செல் எடுத்து அதன் நகலைச் செய்தபோதும், இன்னோர் ஆட்டின் வயிற்றில் வளர்ந்து குட்டியாகத்தான் பிறந்ததாம். மனிதனுக்கு யாரும் அப்படிச் செய்யவில்லையாம்.

"செஞ்சாலும் தொட்டில்லதான் கெடக்கும். அது பேசிப் பழகி எங்கப்பாகிட்ட வாரதுக்குள்ள எனக்கு நரைச்சிரும். வேற எடத்துல வளந்து வேற ஆளாத்தான் வரும். அதுக்கு என்னையப் புடிக்கணும்னு என்ன இருக்கு?" என்றாள். பிறகு அடுத்த கிளைக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா மாட்டுக்குச் சோளத்தட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பு, பண்ணையில ஏதும் சோலியா?"

வழிநெடுக மனப்பாடம் செய்தது எதுவும் வாயில் வரவில்லை.

"நாளைக்கு அவுங்க வர வேணாங்கய்யா."

அவர் தட்டையைக் கீழே போட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். சொம்போடு வந்தது அவள்தான்.

இப்போதும் படத்தில் அந்த இரண்டாவது ஆள் நாயகியின் வீட்டுக்குப் பேசப் போகும் இடம் வந்தால், அவள் என் பக்கம் திரும்புவாள். நான் டிவியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.